சில்லறை மடைகளின் கணக்கு

ஓர் ஆற்றுப்படுகையின் நீர்ப் பயன்பாட்டைக் கணினி மாதிரியாக அமைக்கும்போது, அணைகளும் நகரக் குடிநீர்த் திட்டங்களும் தனித்தனிக் கணுக்களாக இடம்பெறுவதும், ஓடைக்கரைகளில் சிதறிக்கிடக்கும் சிறு மடைகளும் பம்புகளும் பத்து இருபதாகச் சேர்த்து ஒரே கணுவாகக் காட்டப்படுவதும் இத்துறையின் பொது வழக்கம். கணு என்பது, நீர் சேரும், பிரியும் அல்லது அளக்கப்படும் ஓரிடத்தைக் குறிக்க மாதிரியில் இடப்படும் புள்ளி. ஆயிரம் மடைகளுக்கு ஆயிரம் கணு இடுவது இன்றைய கணினிக்குச் சுமையே அன்று. ஆனால் ஒவ்வொரு கணுவுக்கும் எடுப்பளவு, பயிர்ப்பரப்பு, வழியில் வீணாகும் பங்கு, ஆற்றுக்குத் திரும்பும் பங்கு ஆகிய நான்கும் தேவைப்படுவதால், எந்தப் பதிவும் இல்லாத மடைக்குத் தனிக்கணு இட்டால், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எண்களில் எழுதிவைக்க வேண்டியதாகிறது. பதிவில்லாத மடைகளைக் குழுவாகச் சேர்த்து, குழுவின் மொத்தத்தை மட்டும் ஓரளவு நம்பிக்கையோடு சொல்வதே நேர்மையான வழி. எதை எதனோடு சேர்ப்பது என்பதில்தான் இத்தொழிலின் பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. பல ஆண்டுகளாக இப்பணியில் பழகிய இக்கட்டுரையாளர் அதில் கற்றவற்றுள் பெரும்பகுதி, முதலில் தவறாகச் சேர்த்துப் பின்னர் பிரித்ததன் வழியாகக் கற்றதே.

மலேசியாவின் பாசனத்தைப் பற்றிய பொதுப்படம் நெல்லை மையமாகக் கொண்டது. மூடா, கெமுபு, கிரியான் போன்ற எட்டுப் பெரிய நெற்களஞ்சியங்கள் ஏறத்தாழ 2,10,000 எக்டேரிலும், 74 சிறு களஞ்சியங்கள் ஏறத்தாழ 29,500 எக்டேரிலும், இக்களஞ்சியங்களுக்கு வெளியே உள்ள 172 திட்டங்கள் ஏறத்தாழ 1,00,000 எக்டேரிலும் அமைந்தவை எனப் பல காலமாகக் கணக்குச் சொல்லப்பட்டு வந்துள்ளது. அந்த எட்டில் ஒன்றுகூட, இக்கட்டுரை பேசும் ஜொகூர் மாநிலத்தில் இல்லை. நெல் இங்கே வடமேற்கிலும் கிழக்குக் கரையிலும் சிறு துண்டுகளாகவே விளைகிறது. மாநிலத்தின் நிலத்தைப் பெருமளவு பிடித்திருக்கும் செம்பனை, மழையை நம்பி நிற்பது. பிற மாநிலங்களில், பெரியவற்றைத் தனித்தனியே வைத்துவிட்டு எஞ்சிய சில்லறையைத் தொகுப்பது பணியின் கடைசிப் பகுதியாக இருக்க, ஜொகூரிலோ பாசனம் முழுவதுமே சில்லறையாக இருப்பதால் தொகுப்பே பணியின் முதலும் முடிவுமாகிறது. கூலாய், சிம்பாங் ரெங்கம், குளுவாங் வட்டாரங்களின் காய்கறித் தோட்டங்கள், அலங்கார மீன் குளங்கள், செம்பனை நாற்றங்கால்கள், சிறு வயல்கள் ஆகியவையே இங்குள்ள மடைகளின் உடைமையாளர்கள்.

இவற்றின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். வளர்ந்த செம்பனை நாற்று ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீர் என்று கொண்டால், ஒரு லட்சம் நாற்றுகள் உள்ள நாற்றங்காலுக்கு நாளொன்றுக்கு 200 கனமீட்டர், அதாவது நாள் முழுவதும் பரவலாகப் பார்த்தால் நொடிக்கு 2.3 லிட்டர், வேண்டும். மறுபக்கத்தில், 1962ஆம் ஆண்டு செப்டம்பரில் கையெழுத்தாகி 2061 வரை நடப்பிலிருக்கும் ஒப்பந்தத்தின்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். பிரித்தானியக் கேலனில் இது நொடிக்கு ஏறக்குறைய 13,150 லிட்டர். இந்த ஓர் எடுப்பின் அருகே வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன நாற்றங்கால் கண்ணுக்கே தெரியாது. சிறு மடைகளை மாதிரியிலிருந்து அடியோடு விட்டுவிடலாம் என்ற ஆசை எழுவது இங்கேதான்; படுகைக்குப் புதிதாக வரும் பொறியாளர் எவரும் ஒருமுறையாவது அதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

அந்த ஆசைக்கு இடம் கொடுக்க முடியாததற்குக் காரணம் நீரின் மொத்த அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ஜொகூர் ஆறு 2,600 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட படுகையைக் கொண்டது. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை பெறும் நாட்டுப்பகுதியில் தண்ணீர்ப் பஞ்சம் என்பதே வெளியாருக்கு வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் மழை நின்ற மூன்று நான்கு வாரங்களில் ஓடைகள் வேகமாக வற்றுகின்றன. கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றின் கழிமுகத்திலிருந்து மேலேறி, கோத்தா திங்கிப் பகுதியின் நீரெடுப்பு நிலையங்களை எட்டிப்பார்க்கிறது. 1990ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ்க் கட்டப்பட்ட லிங்கியு அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டு அந்த உப்பைக் கீழே தள்ளிவைப்பதே வறட்சிக் காலத்தின் அன்றாட வேலை. 2016 அக்டோபரில் அந்த நீர்த்தேக்கம் கொள்ளளவில் ஏறத்தாழ 20 சதவீதமாக இறங்கியது. பெரிய எடுப்பு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்க, சில்லறை மடைகளோ மழை பெய்யும் நாளில் ஒன்றும் எடுக்காமல், மழை நின்ற மறுநாளிலிருந்து எல்லாம் ஒன்றுபோல் எடுக்கத் தொடங்குகின்றன. ஆற்றுக்கு இல்லாத நேரத்தில்தான் இவற்றுக்கு வேண்டும். ஆண்டுச் சராசரியில் மறைந்துபோகும் இவை, மேற்படுகை ஓடைகளில் அந்த வறண்ட வாரங்களில் மட்டும் பேருருவம் கொள்கின்றன.

தொகுப்புமுறைக்கு முன்மாதிரியாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் மாதிரி. அங்கே படுகையின் பாசன நுகர்வில் ஏறத்தாழ 75 சதவீதத்துக்குக் காரணமான வாய்க்கால்களைத் தனித்தனியாக வைத்து, மீதியை இடம் பார்த்துத் தொகுத்து 100 சதவீதத்தையும் கணக்கில் கொண்டுவருகிறார்கள். நுகர்வு என்பது எடுத்த நீரில் பயிர் வழியாகவும் ஆவியாதல் வழியாகவும் வானுக்குப் போய்விடும் பங்கு; எடுப்புக்கும் நுகர்வுக்கும் உள்ள வேறுபாடு நிலத்திலிருந்து கசிந்தும் வழிந்தும் ஆற்றுக்குத் திரும்புகிறது, அதற்கு மீள்நீர் என்று பெயர். கொலராடோவில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் உரிமைத் தேதி உண்டு; முந்திய தேதியுடையவர் நீர் கேட்டால் பிந்தியவர் மடையை மூட வேண்டும், மூடுகிறாரா என்று பார்க்க அரசு அலுவலரும் உண்டு. எனவே அங்கே தொகுப்பில் சேரும் மடைகளின் தேதிகளையும் சில வகுப்புகளாகப் பிரித்துக் கணுவோடு இணைக்கிறார்கள்.

இந்த முறையை அப்படியே ஜொகூருக்குக் கொண்டுவரும்போது இரண்டு இடங்களில் தையல் விட்டுப்போகிறது. முதலாவது, 75 சதவீதத்தைத் தனியே நிறுத்துவதற்குப் பெரிய பாசன வாய்க்கால்கள் இங்கே இல்லை. இரண்டாவது, உரிமைத் தேதி இல்லை. 1953ஆம் ஆண்டின் பாசனப் பகுதிகள் சட்டம் அரசு பாசனப் பகுதியென அறிவித்த நிலங்களைப் பற்றியது. தனியார் தோட்டத்தின் ஓடையில் இறக்கிய பம்பு அச்சட்டத்தின் கோப்புகளில் வருவதில்லை. குடிநீருக்கே முன்னுரிமை என்ற கொள்கையை மாதிரியில் எழுதினால், கணினி வறட்சி நாளில் மேற்படுகையின் காய்கறிப் பம்புகளையெல்லாம் தானே நிறுத்திவிட்டு, நகரத்துக்குக் குறையின்றி நீர் கிடைத்ததாக அறிக்கை தருகிறது. அந்தப் பம்புகளை நிறுத்தச் சொல்லி எவரும் போகவில்லை, போகப்போவதும் இல்லை. மேலே இருப்பவர் முதலில் எடுக்கிறார் என்பதே ஆற்றங்கரையின் நடைமுறை. ஆகவே சில்லறைத் தொகுப்புகளுக்கு மாதிரியில் எல்லாவற்றினும் மேலான முன்னுரிமையைக் கொடுப்பதே சரி என்பது இக்கட்டுரையாளரின் முடிவு. சட்டம் படித்தவர்கள் இதை ஏற்பதில்லை. அவர்கள் ஆறு எப்படி நடத்தப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். மாதிரியோ முதலில் அது எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட வேண்டும், பிறகே மாற்றிப் பார்க்க வேண்டும்.

தொகுப்பின் முதன்மையான பிழை வேறொன்று; அது எண்களைக் கூட்டும் எளிய செயலிலேயே ஒளிந்திருக்கிறது. ஒரு மேற்படுகையில் மூன்று ஓடைகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றின் கரையிலும் நொடிக்கு 20 லிட்டர் எடுக்கும் பம்புகள் இருப்பதாகவும் கொள்வோம். வறண்ட நாளொன்றில் முதல் ஓடையில் 45 லிட்டரும், இரண்டாவதில் 12 லிட்டரும், மூன்றாவதில் 3 லிட்டரும் ஓடுகின்றன. மூன்றையும் ஒரே கணுவாகச் சேர்த்தால், ஓட்டம் 60, தேவை 60. பற்றாக்குறை ஏதுமில்லை, கணுவுக்குக் கீழே ஆறு வறண்டு கிடக்கிறது. உண்மையிலோ முதல் ஓடைக்காரர் 20 எடுக்கிறார், இரண்டாமவர் 12, மூன்றாமவர் 3. மொத்தம் 35 லிட்டர்தான் வயலேறியது, 25 லிட்டர் முதல் ஓடை வழியாகக் கீழே போய்விட்டது. ஒரே தொகுப்பு இரண்டு பொய்களை ஒருசேரச் சொல்கிறது: வாடிய பயிரை நனைந்ததாகவும், வந்துசேர்ந்த நீரை வராததாகவும் காட்டுகிறது. கீழே உள்ள அளவீட்டு நிலையத்தோடு ஒப்பிடும்போது இரண்டாம் பொய் அகப்பட்டுவிடும். முதலாவது அகப்படாது, ஏனெனில் வாடிய பயிருக்கு அளவீட்டு நிலையம் இல்லை.

இக்கட்டுரையாளர் தொழிலின் தொடக்கத்தில் அமைத்த தொகுப்புகள் இத்தகையனவே. பதிவேடுகள் முக்கிம் வாரியாக, அதாவது மாவட்டத்தின் உட்பிரிவு வாரியாக, கிடைத்தமையால், ஒரு முக்கிமின் பம்புகள் யாவும் ஒரு கணுவில் இடப்பட்டன. முக்கிமின் எல்லை நீர்ப்பிரிமேட்டை மதித்து வரையப்பட்டதன்று. ஒரே முக்கிமின் ஒரு பாதி ஒரு கிளையாற்றுக்கும் மறுபாதி வேறொன்றுக்கும் வடிந்தது. வறண்ட வாரங்களில் மாதிரியின் ஓட்டம் அளவீட்டைவிடக் குறைந்தே வந்தபோது, அதைச் சரிக்கட்டப் பயிர்த் தேவை குறைக்கப்பட்டது. பொருத்தம் அழகாக அமைந்தது. அளவீட்டோடு பொருந்தும்வரை மாறிலிகளைத் திருத்தும் இவ்வேலைக்கு அளவொப்பம் என்று பெயர். தவறான தொகுப்பைத் தவறான தேவையால் சமன்செய்த அந்த அளவொப்பம், ஓடைகளில் நேரில் இறங்கிப் பார்க்கும்வரை எவருக்கும் ஐயத்தைத் தரவில்லை. ஒரே ஓடையில், ஒன்றன்கீழ் ஒன்றாக, இடையில் பெரிய கிளை ஏதும் சேராத மடைகளை மட்டுமே ஒன்றாக்குவது என்ற விதி அதற்குப் பின்னரே வகுக்கப்பட்டது. ஓடைகளைக் கடந்து சேர்த்தே தீர வேண்டுமாயின், கூட்டிய தேவையைக் கூட்டிய ஓட்டத்தோடு ஒப்பிடாமல், ஓடைதோறும் எது குறைவோ அதைக் கண்டு, அக்குறைவுகளைக் கூட்டியதே தொகுப்புக்குக் கிடைக்கும் நீர் என்று வரம்பு கட்ட வேண்டும்.

மீள்நீர் வந்து சேரும் இடமும் அதே அளவு கவனத்தைக் கேட்கிறது. தெளிப்பான் வைத்த காய்கறித் தோட்டத்திலிருந்து ஓடைக்குத் திரும்புவது மிகச் சொற்பம். நெல்வயலோ எடுத்த நீரில் பாதிக்கு மேல் திருப்பித்தருவது வழக்கம். சிறு நெல் திட்டங்களின் பாசனத் திறன் 40 சதவீதத்தைச் சுற்றியே நிற்பதாகச் சொல்லப்படும்போது, எஞ்சிய 60 சதவீதம் அழிந்துபோவதில்லை, அதன் பெரும்பங்கு அடுத்த வயலுக்கோ அடுத்த ஓடைக்கோ போகிறது. மேல்வயலின் கழிவுநீரையே கீழ்வயல் எடுக்கும்போது, இரண்டின் எடுப்பையும் கூட்டித் தொகுப்பின் எடுப்பு என்றால், ஒரே நீர் இரண்டுமுறை எண்ணப்படுகிறது. தொகுப்பின் வெளியெல்லையைக் கடந்து உள்ளே வருவதும் வெளியே போவதும் மட்டுமே தொகுப்பின் கணக்கு. உள்ளே கைமாறுவது உள்வீட்டு விவகாரம். தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அங்கே எட்டு அணைக்கட்டுகளும், ஒவ்வொன்றின் கீழும் கால்வாயும், கால்வாயின் கீழ்க் குளங்களும், ஒரு குளத்தின் கழிவு அடுத்த குளத்தின் வரத்துமாக, தொகுப்பைக் கல்லிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். ஜொகூரில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தேடும் வேலை பெரும்பாலும் நடைதான். மூன்றங்குலக் குழாய்ப் பம்பு ஒன்று, செம்பனை நிழலில், துருவேறிய இரும்புச் சட்டத்தின்மேல் அமர்ந்திருக்கும். உறிஞ்சுகுழாயின் நுனி, துளையிட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் செருகப்பட்டு, மண்மூட்டைகளை அடுக்கி ஓடையை முழங்கால் உயரத்துக்குத் தேக்கிய சிறு மடுவில் கிடக்கும். வாளியைச் சுற்றி இலைகள் அடைத்திருக்கும். பம்பின் மேல் ஒட்டிய தகட்டில் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் என்று எழுதியிருக்கும், பதிவேட்டிலும் அந்த எண்ணே ஏறியிருக்கும். இருநூறு லிட்டர் பீப்பாயை வெளிக்குழாயின் வாயில் வைத்து நேரம் பார்த்தால் 20 நொடியில் நிறைகிறது. நிமிடத்துக்கு 600 லிட்டர்தான். எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்டால் எவரும் சரியாகச் சொல்வதில்லை, சொல்வதற்கு அஞ்சுவோரும் உண்டு. வாரத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். சிறு எந்திரம் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிப்பதால், டீசல் கணக்கே ஓட்ட நேரத்தின் கணக்காகிவிடுகிறது. அளவுமானி பொருத்திய இடங்களில்கூட இந்த வழி அதிகம் பிசகியதில்லை.

முன்னாள் தோட்டத் தொழிலாளரும் பின்னாளில் காய்கறித் தோட்டக் காவலருமான முதியவர் ஒருவர், பம்பு நேரத்தைப் பற்றிய கேள்விக்குச் சொன்ன விடை தொகுப்பின் இலக்கணத்தையே மாற்றியது: “தம்பி, கீழே மீன்குளம் வச்சிருக்கிறவர் போன் போட்டா நாங்க மத்தியானம் வரைக்கும் நிறுத்திருவோம். அவருக்கு நிறைஞ்சதும் அவரே சொல்லுவாரு.” விசாரித்தபோது அந்த ஓடையில் ஏழு பம்புகளும் இப்படி ஒன்றுக்கொன்று பேசிவைத்து முறைபோட்டே ஓடுவது தெரியவந்தது. ஏழின் கொள்ளளவையும் கூட்டினால் வருவது ஓடையில் ஒருநாளும் நிகழாத எண். உண்மையில் ஒரே நேரத்தில் ஓடுபவை மூன்றைத் தாண்டுவதில்லை. யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்கிறார்களோ அவர்கள் ஒரு தொகுப்பு. சொல்லாதவர் அடுத்த கரையிலேயே இருந்தாலும் வேறு தொகுப்பு. நிலவரைபடத்தில் இந்தக் கோடு இல்லை.

மேற்குக் கரைக்கு வந்தால் இலக்கணம் மீண்டும் மாறுகிறது. பத்து பகாட், பொந்தியான் தாழ்நிலங்களில் ஊர்ப்பெயர்களில் பாதி ‘பாரிட்’ என்றே தொடங்கும். பாரிட் என்பது சதுப்பை வடிக்க வெட்டிய கால்வாய், பாரிட் ராஜா, பாரிட் ஜாவா, பாரிட் சூலோங் எல்லாம் அவ்வாறு எழுந்த ஊர்கள். ஒவ்வொரு பாரிட்டுக்கும் ‘கெத்துவா பாரிட்’ எனப்படும் தலைவர் இருந்து பராமரிப்பைக் கவனிப்பது பழைய ஏற்பாடு. கடலோர மதகுகள் ஏற்றத்தில் மூடி, வற்றத்தில் திறக்கின்றன. வறண்ட நாள்களில் மூடியே வைத்தால் பாரிட் நீண்ட குளமாகிவிடுகிறது. இங்கே சிறு பம்புகள் ஓடும் நீரை எடுப்பதில்லை, தேங்கிய நீரை எடுக்கின்றன. எனவே தொகுப்புக்கு ஓடைக் கணு பொருந்தாது, ஒரு பாரிட்டைச் சிறு நீர்த்தேக்கமாகக் கொண்டு அதன் கரைப் பம்புகளை அதற்குள்ளேயே வைப்பதே முறை. ஒரு நீருக்கு ஒரு பொறுப்பாளர் என்ற எண்ணம் ஜொகூருக்குப் புதியதன்று: 1844 முதல், அப்போது ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுச் சீட்டை வழங்கி, ஓர் ஆற்றையும் அதன் கரையையும் கங்சூ எனப்பட்ட சீனத் தலைவர் ஒருவரிடம் மிளகும் கம்பியரும் பயிரிட ஒப்படைத்தார், 1917இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. கங்சூக்களின் குடியிருப்புகளாக இருந்த கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் போன்ற ஊர்களின் பெயர்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அச்சீட்டுகளின் எல்லைகள் கிளையாற்றின் எல்லைகளாகவே இருந்தமையால், இன்றைய முக்கிமைவிட அவை தொகுப்புக்கு நல்ல அலகு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இடத்தைப் போலவே காலத்திலும் தொகுப்பு நிகழ்கிறது. மாதவாரி மாதிரியில், முதல் இருபது நாள் வறட்சியும் கடைசிப் பத்து நாள் பெருமழையும் சேர்ந்து ‘இயல்பான மாதம்’ ஆகிவிடுகின்றன. இந்நாட்டு வறட்சிகளின் நீளத்துக்கு மாதம் பெரிய அளவுகோல். ஐந்து நாள் அல்லது ஒரு நாள் கால இடைவெளியே இங்கு வேண்டும். ஜொகூர் ஆற்றில் ரந்தாவ் பாஞ்சாங் அளவீட்டு நிலையம், ஏறத்தாழ 1,130 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பின் வாயிலில் நிற்பது, இதற்குப் பெரிதும் உதவுகிறது. அங்கே அளந்த ஓட்டத்தோடு மேலே எடுக்கப்பட்டதைக் கூட்டி, திரும்பியதைக் கழித்து, லிங்கியுவில் தேங்கியதைக் கூட்டினால், மனிதர் கைபடாத நிலையில் ஆறு எப்படி ஓடியிருக்கும் என்ற இயல்போட்டம் கிடைக்கும். மழையற்ற தொடர்நாள்களில் இயல்போட்டம் மெல்லச் சரியும் வழுக்குக்கோடாக அமைய வேண்டும். அக்கோடு மேடுபள்ளமாக ஆடினால் தொகுப்பில் எங்கோ நேரம் அல்லது அளவு தவறியிருக்கிறது என்று பொருள். தேவையைத் திருத்துவதற்கு முன் இக்கோட்டைப் பார்ப்பது என்பது முக்கிம் தொகுப்பு கற்பித்த பழக்கம்.

தொகுப்புப் பட்டியல் ஒருமுறை செய்து மூடிவைக்கும் பொருளன்று. செம்பனை மறுநடவு முடிந்ததும் நாற்றங்கால் வேறு கரைக்குப் போகிறது, மீன்குளம் கைமாறுகிறது, கூலாயைச் சுற்றிக் காய்கறி விளைந்த நிலம் வீடமைப்புத் திட்டமாகிறது. கடைசியாகச் சொன்னது நிகழும்போது, ஓடையில் இருந்த ஏழு பம்புகளின் தேவை மறைவதில்லை. வீடுகளின் குழாய்நீராக உருமாறி, சில்லறைத் தொகுப்பிலிருந்து தாவி, பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பெரிய நீரெடுப்பு நிலையத்தின் கணுவில் போய்ச் சேர்கிறது. பட்டியலில் அந்த வரியை அழிக்கக் கூடாது. பழைய வறட்சியாண்டுகளின் இயல்போட்டம் அந்தப் பம்புகளை எண்ணியே பெறப்பட்டது. ஆகையால் தொகுப்பின் பெயரும் ஓடையின் பெயரும் இருந்தபடியே இருக்க, பம்புகள் கழற்றப்பட்ட ஆண்டிலிருந்து அதன் தேவைப் பத்தியில் மட்டும் பூச்சியம் இடப்படுகிறது.